வீழ்ச்சிக் காட்சி

நாற்றங்காலில் நாற்று முப்பத்தெட்டாம் நாளைக் கடந்துகொண்டிருந்தபோது, பூவனங்குடியில் நடவுக்கு ஒரு பெண்ணும் இல்லை. ஊரில் இருந்த நடவுப் பெண்கள் இருபத்திரண்டு பேரும் இராசராச சோழனின் படையில் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

இருதயம்மாள் இதை முதலில் நம்பவில்லை. குறுவை அறுத்த ஆறு மா நிலத்தை உழுது, வரப்போரம் அண்டை வெட்டி, பரம்படித்துச் சமமாக்கி, சேறு தெளியவிட்டு ஐந்து நாளாகியிருந்தது. ஐப்பசி பாதி போய்விட்டது. குறுவைக்கு அடுத்த தாளடிப் போகத்துக்குப் போட்ட நாற்று அதற்குமேல் காத்திராது. கணு வைத்துவிட்டால் நட்டாலும் தூர் கட்டிக் கிளைக்காது. இவ்வளவும் ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். தெரிந்தும், நடவுக் கொத்தின் தலைவி ராசம்மாள் மூன்று நாளாக "நாளைக்கு வர்றோம்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் திங்கட்கிழமை. இருதயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துத் திடலுக்கே போய்விட்டாள்.

ராசம்மாளுக்கு அடுப்புக்கரியில் மீசை வரைந்திருந்தது. தலையில் அட்டையால் செய்த கவசம். கையில் ஜிகினாத்தாள் ஒட்டிய மரவாள். அவளுக்குப் பின்னால் மற்ற இருபத்தொரு பேரும் அதே கோலத்தில் புடவையைத் தாறுபாய்ச்சிக் கட்டிக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றது. அதைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டி, நடுவில் மூங்கில் நட்டுப் புலிக்கொடி ஏற்றியிருந்தார்கள். அதுதான் கடாரத்துக்குப் போகும் கப்பல்.

"ஆம்பளைங்க என்ன ஆனாங்க? படைக்கு ஊர்ல ஆம்பளையே இல்லயா?" என்று கேட்டாள் இருதயம்மாள்.

"எங்க இருக்காங்க? எங்க ஊட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் மடிக்கிறாரு. இவ புருசன் சிங்கப்பூரு. அவ மவன் மலேசியா. கடாரம்னா மலேசியாதானாம், சாரு சொன்னாரு. ராசா காலத்துல படையெடுத்துப் போனாங்களாம், இப்ப ஏஜெண்டு கையில விசா வாங்கிட்டுப் போறாங்க. மிச்சம் இருக்கிறது நாங்கதான்." ராசம்மாள் மீசையோடு சிரித்தாள்.

"சிரிக்காத ராசம்மா. நாத்து பழுக்குது."

"தெரியும்க்கா. காலையில போவயிலயும் பாத்தேன், வரயிலயும் பாத்தேன்."

"பாத்தா போதுமா? எறங்க வேணாமா?"

"எறங்க உட்டாத்தான? காலையில நடை பழகுறோம். மத்தியானம் சாரும் கோவிந்தராசும் சண்ட போடுறாங்க. சண்ட முடியிற வரைக்கும் யாரும் போவக்கூடாதுங்குறாங்க. சேல குடுத்துட்டாங்க, பிரியாணி போடுறாங்க. பாதியில வுட்டுட்டு எப்படிக்கா வர்றது?"

சாரு என்பது இருதயம்மாளின் கணவர் குழந்தைராஜ். மிஷன் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வகுப்பறை போனாலும் பாடம் போகவில்லை. சிங்கப்பூரில் ஒன்பது வருடம் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பிய கோவிந்தராசு, ஊரில் முதன்முறையாக ஐப்பசிச் சதயத்துக்கு இராசராசன் பிறந்தநாள் விழா எடுக்கத் தீர்மானித்ததும், நாடகம் எழுதித் தரும்படி அவரிடம்தான் வந்து நின்றான். அவரும் நாற்பது பக்கம், தாளின் இருபுறமும் எழுதிக் கொடுத்தார். விசயாலயன் தஞ்சையைப் பிடித்தது முதல் காட்சி. அங்கிருந்து சோழன் ஏறுகிறான், ஏறுகிறான். பெரிய கோயில் எழுகிறது. கப்பல் கடாரம் போகிறது. அத்தோடு விட்டிருந்தால் எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். குழந்தைராஜ் விடவில்லை. பாண்டியன் தஞ்சையைக் கொளுத்துகிறான். சோழ மன்னனை அவனுக்குக் கீழிருந்த சிற்றரசனே சிறைபிடிக்கிறான். கடைசிச் சோழன், பெயரளவில் மட்டும் இராசேந்திரன், தனியாக நடந்து மறைகிறான்.

கோவிந்தராசுக்கு வீழ்ச்சி வேண்டாம். அவனுடைய பெரியப்பா இராஜாங்கத்துக்கு அது அறவே வேண்டாம். எழுச்சி மட்டும் போதும் என்றார்கள். வீழ்ச்சி இல்லாவிட்டால் நாடகமே இல்லை என்றார் குழந்தைராஜ். அந்தச் சண்டை நான்கு நாளாக நடந்துகொண்டிருந்தது. நான்கு நாளும் நாற்று வளர்ந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் சோறு போடும்போது இருதயம்மாள் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, அந்த வீழ்ச்சிய எடுத்துட்டாத்தான் என்ன?"

"எடுத்துட்டா அது சரித்திரம் இல்ல, இருதயம். கல்யாணப் பத்திரிகை."

"இருந்துட்டுப் போவட்டுமே. அவன் விழா, அவன் பந்தல்."

"நானூறு வருஷம் ஆண்டவன் எங்க போனான்னு பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது? ஏறினதச் சொன்னவன் எறங்கினதையும் சொல்லணும். கடைசிக் காட்சிய ஒரு தடவ படிச்சுப் பாரேன். அதுல..."

"எனக்கு அதுல ஒண்ணும் வேணாம். பாண்டியன் வந்தா என்ன, யார் வந்தா என்ன? எனக்கு நாத்து நடணும். ரசம் ஊத்தவா, மோர் ஊத்தவா?"

அவர் மோர் என்றார். மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சோழனின் மாமன் மச்சான் உறவுகளை விளக்கத் தொடங்கினார். கண்ணாடியைத் தயிர்க் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டு மேசை முழுதும் தேடினார். முப்பத்தாறு வருடமாக இருதயம்மாள் இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட இவருக்கு யோசித்தால்தான் நினைவுக்கு வரும். ஆனால் எந்த மன்னன் எந்த ஆண்டில் எந்தக் கோயிலுக்கு எத்தனை ஆடு விட்டான் என்பது கேட்காமலே வரும்.

செவ்வாய்க்கிழமை வானொலியில் செய்தி வந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, நாகைக்குக் கிழக்கே, இரண்டு மூன்று நாளில் கனமழை. இருதயம்மாள் நாற்றங்காலுக்கு ஓடினாள். நாற்றின் அடித்தோகை மஞ்சளாகியிருந்தது. ஒரு பிடி பிடுங்கிப் பார்த்தாள். தண்டு உருண்டு, கணு வைக்கத் தொடங்கியிருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. நாற்றங்கால் பள்ளத்தில் இருந்தது. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மொத்தமும் அழுகிப்போகும். மழைக்கு முன்னால் நட்டுவிட்டால், பயிர் வேர் பிடித்துக்கொண்டு எப்படியாவது நிமிர்ந்துவிடும். மறுபடி விதைவிட்டு நாற்றாக்க இனிப் பருவம் இல்லை. இந்த ஆறு மாதான் வீட்டுக்கு வருடச் சோறு.

நாற்றுப் பறிக்க இருந்த ஒரே ஆளான கிழவர் பக்கிரி வரப்பில் குந்தியிருந்தார்.

"நான் பறிச்சுப் போட்டுடுவேம்மா. நடுறதுக்கு ஆளு?" என்று கேட்டார்.

"வருவாங்க," என்றாள் இருதயம்மாள். அதைச் சொன்னபோதே என்ன செய்யப்போகிறாள் என்பதை முடிவு செய்துவிட்டாள்.

புதன்கிழமை காலை அவள் கோவிந்தராசு வீட்டுக்குப் போனாள். முன்பக்கம் முழுதும் பளபளவென்று கல் பதித்த புதுவீடு. நிலைப்படியில் கால் வைத்தால் வழுக்கியது. கூடத்தில் இராஜாங்கம் நாற்காலியில் உட்கார்ந்து பதாகைத் துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மன்னரின் படமும், அதைவிடச் சற்றே பெரிதாக இராஜாங்கத்தின் படமும் அச்சாகியிருந்தன.

"சாரு சம்மதிச்சுட்டாரு. வீழ்ச்சிய எடுத்துடச் சொல்லிட்டாரு," என்றாள் இருதயம்மாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்புக்கொள்ளக்கூட அவள் தன் பொய்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இது அப்படியன்று, தானாகவே வந்தது.

கோவிந்தராசு எழுந்து நின்றுவிட்டான். "நெசமாவாம்மா? சாரா?"

"அவருக்கு வெக்கமா இருக்காம், நேர்ல சொல்ல. இனிமே ஒத்திகைக்கு அவசியம் இல்லல்ல? நாளைக்குப் பொம்பளைங்கள எனக்கு அனுப்பிடு. வெள்ளிக்கெழம உன் விழாவுக்கு வந்துடுவாங்க."

"அதுக்கென்னம்மா, தாராளமா. நடை எல்லாம் பழகிட்டாங்க."

இராஜாங்கம் பதாகையை மடித்தார். "எனக்கு அப்பவே தெரியும், வாத்தியாரு நல்ல மனுசன்னு. எங்க பாட்டன் வழி ராசாவ வயக்காட்டுல ஒருத்தி எதுத்துப் பேசுறதாம். அத மேடையில நான் உக்காந்து பாக்கணுமாம்!"

இருதயம்மாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டாளே தவிர மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் மனம் முழுதும் நாற்றங்கால் இருந்தது.

அன்று சாயங்காலம் குழந்தைராஜ் திடலிலிருந்து திரும்பி வந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காக இணையாக வைத்தார். அவர் ஒருபோதும் அப்படிச் செய்பவரல்லர். தாள்களை மேசையில் வைத்தார்.

"நான் சம்மதிச்சேனாமே."

"ஆமா. சம்மதிச்சீங்க."

"எப்ப?"

"கடல்ல காத்தழுத்தம்னு ரேடியோவுல சொன்னானே, அப்ப."

அவர் அவளைப் பார்த்தார். கோபித்திருந்தால் பதில் சொல்ல அவள் தயாராக இருந்தாள். முப்பத்தாறு வருடப் பதில்கள் வரிசையாக நின்றன. அவர் கோபிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்த் தாமே சோறு போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். அது அவளுக்குப் பெரும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் பெண்கள் வந்தார்கள். இருபத்திரண்டு பேரும் வந்தார்கள், ஒருத்திகூடக் குறையவில்லை. பக்கிரி பறித்துக் கட்டிய நாற்றை வயலெங்கும் வீசிவைத்திருந்தார். பெண்கள் வரிசை கட்டிக் குனிந்தார்கள். வானம் ஈயம் பூசினாற்போல் இருந்தது. காற்று கிழக்கிலிருந்து வந்தது. கை ஓடியது. முதல் மா நிறைந்தது, இரண்டாம் மா நிறைந்தது. இருதயம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள். எல்லாம் சரியாகவே நடந்தன. ஆனால் எதுவோ சரியாக இல்லை.

ஒருத்தியும் பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். நடவு என்றால் வாய் ஓயாது. ஒருத்தியின் மாமியாரை இன்னொருத்தி ஏசுவாள், கடைசியில் நிற்பவளைக் கேலி செய்வார்கள், பாட்டு இருக்கும். இன்று சேற்றில் கை புகும் ஓசை மட்டுமே கேட்டது.

"என்ன ராசம்மா, ஊமைக் கூட்டமா வந்திருக்கீங்க?"

ராசம்மாள் அடுத்த நாற்றுக்கட்டைப் பிரித்தாள். நான்காம் மா முடிந்தது. அப்போது பதினொரு மணி இருக்கும். ராசம்மாள் இடுப்பை நிமிர்த்தினாள். கையிலிருந்த நாற்றை அப்படியே தண்ணீரில் வைத்துவிட்டு வரப்பேறி உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"கஞ்சி குடிக்கவா? இன்னும் நேரம் இருக்கே," என்றாள் இருதயம்மாள்.

"கஞ்சி இல்லக்கா. இதோட நிறுத்தியாச்சு."

"ரெண்டு மா கெடக்குதுடி!"

"கெடக்கட்டும்."

இருதயம்மாள் கிழக்கே கை நீட்டிக் காட்டினாள். "மழ வருது, ராசம்மா. வெளையாடாத."

"யாரு வெளையாடுறா? நீங்கதான வெளையாடினீங்க. எங்க காட்சிய எடுக்கச் சொன்னது நீங்கதானாமே? சாரு சொல்லல. நேத்துத் திடல்ல கோவிந்தராசு, நீங்க வந்து சொன்னதாச் சந்தோசமாச் சொன்னான். சாரு மொகத்தப் பாத்தேன். அவரு சொல்லியிருக்க மாட்டாரு."

"எது ஒங்க காட்சி? நீங்க படைதான? நடந்துட்டுப் போவப் போறீங்க."

"ஆமா, படை. கல்லு சொமக்குறவளும் நாங்கதான். பெரிய கோயில் கட்டுறப்ப தெர்மோகோல் கல்லத் தூக்கிட்டு மூணு சுத்து வரணும். ராணியா உக்காரக் கோவிந்தராசு தங்கச்சி இருக்கா, அவ சித்தி மக இருக்கா. எங்களுக்கு எழுச்சி பூராவும் பேச்சே கெடையாது. ஒரு வார்த்த கெடையாது. வீழ்ச்சியிலதான் சாரு எங்களுக்குப் பேச்சு வச்சிருந்தாரு. கடைசி ராசா தனியா வர்றாரு. நாங்க நட்டுக்கிட்டு நிக்கிறோம். அவருகிட்ட நான் பேசணும். இருவது நாளா மனப்பாடம் பண்ணினேன்க்கா. எழுதப் படிக்கத் தெரியாது எனக்கு. சாரு சொல்லச் சொல்லக் கேட்டுக் கேட்டு."

அவள் குரல் உயரவில்லை. அதனால் இருதயம்மாளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"திருப்பூர்லேருந்து எங்க ஊட்டுக்காரரு லீவு போட்டு வந்திருக்காரு, நான் பேசுறதக் கேக்க. சேல வேணாம், பிரியாணி வேணாம். பேச்சத் திரும்ப வாங்கிக் குடுங்க. ரெண்டு மாவயும் ஒரு மூச்சுல நட்டுத் தர்றோம்."

"நான் எப்படிடி வாங்குறது?"

"போக்கின மாதிரியே வாங்குங்க."

இருதயம்மாள் நடந்தாள். சேற்றுக்காலோடு நடந்தாள். வழியெல்லாம் எல்லாரையும் வாய்விட்டுத் திட்டினாள். ஆண்ட சோழனைத் திட்டினாள், அழித்த பாண்டியனைத் திட்டினாள். ஊரில் ஆம்பிளை இல்லாமற்போனதற்குச் சிங்கப்பூரைத் திட்டினாள். வேண்டாத வேளையில் மனப்பாடம் செய்த ராசம்மாளைத் திட்டினாள். தன் முறை வந்தபோது திட்டுவதற்குச் சொல் போதவில்லை. படித்துப் பார் என்று அவர் சொன்னாரே. ரசமா மோரா என்று கேட்டோமே.

வீட்டில் குழந்தைராஜ் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசிக் காட்சித் தாளக் குடுங்க," என்றாள்.

"எதுக்கு? அடுப்புக்கா?"

"குடுங்கங்கறேன். கோவிந்தராசு வீட்டுக்குப் போகணும். நான் சொன்னது பொய்யின்னு சொல்லணும்."

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். நாற்பது பக்கத்தில் சரியான தாளை ஒரே எடுப்பில் உருவிக் கொடுத்தார். "நானும் வரவா?"

"வேணாம். நீங்க வந்தா விசயாலயன்லேருந்து ஆரம்பிப்பீங்க."

கோவிந்தராசு வீட்டு நிலைப்படியில் அவள் கால் சேறு அப்பியது. உள்ளே இராஜாங்கம் சட்டைக்கு அங்கவஸ்திரம் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இருதயம்மாள் உட்காரவில்லை.

"நேத்து நான் சொன்னது பொய். சாரு சம்மதிக்கல. நாத்து பழுக்குதுன்னு நானாச் சொன்னேன். வீழ்ச்சி இருக்கணும்."

"என்னம்மா இது?" என்றான் கோவிந்தராசு. "நாளைக்கு விழா. வீடியோகாரனுக்குச் சொல்லியாச்சு. கேசட்டு சிங்கப்பூருக்குப் போவணும்."

"போவட்டும். ஆனா படை வராது. கல்லு சொமக்க ஆளு வராது. கப்பல்ல நீயும் ஒன் பெரியப்பாவும் மட்டும் நிக்கணும். இருபத்திரண்டு பேரும் இப்ப என் வரப்புல உக்காந்திருக்காங்க. நட மாட்டேங்குறாங்க, நடக்கவும் மாட்டேங்குறாங்க."

இராஜாங்கத்தின் முகம் கறுத்தது. "ஏம்மா, அவளுங்க சொல்லி நீ வந்து நிக்கிறியா? ராசாகிட்ட அந்தத் தெருப் பொம்பள பேசணுமா? ராசா எங்க வம்சம்."

"அண்ணே, நீங்க எந்த வம்சமோ, எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி ராசா போன எடம் தெரியலன்னு வீட்டுல அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. போனவரு யாரையாவது பாத்திருப்பாரு, பேசியிருப்பாரு. வயல்ல நின்னவளத் தவிர அந்தப் பக்கம் வேற யாரு இருந்திருக்கப் போறா? நீங்களா நின்னீங்க?"

கோவிந்தராசு திரும்பிக்கொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்று தோன்றியது. இராஜாங்கம் அங்கவஸ்திரத்தை நாற்காலியில் போட்டார்.

"வாய்க்கா என் நெலத்தத் தாண்டித்தான் ஒன் நெலத்துக்கு வருது. தையில தண்ணி வேணும்ல? அப்பப் பாத்துக்குவோம்." அவர் வாசலுக்குப் போனார். அங்கிருந்து திரும்பி, "மேடையில எனக்கு நாக்காலி போடாத," என்று கோவிந்தராசுவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீரில்லாமல் தையில் காயும் பயிரை இருதயம்மாள் நினைத்துப் பார்த்தாள். மனிதர் சொன்னதைச் செய்கிறவர்.

கோவிந்தராசு அவள் கையிலிருந்த தாளை வாங்கி நின்றபடியே படித்தான். இரண்டு முறை படித்தான்.

"அஞ்சு நிமிசம்தான?"

"அதுக்குக்கூட இருக்காது."

"சிங்கப்பூரு ஜூரோங்குல ஒரு சூப்பர்வைசர் இருந்தான்மா. ஒம்போது வருசத்துல அவன்கிட்ட இப்படி ஒரு வார்த்த சொல்லணும்னு நெனச்சிருக்கேன்." தாளைத் திருப்பிக் கொடுத்தான். "பேசட்டும். ஆனா ராசாவா நடிக்க இருந்தவரு பெரியப்பாவோட மாப்பிள்ள. அவரு இனிமே வர மாட்டாரு. ஆளு பாத்துக்குறேன்."

இருதயம்மாள் வயலுக்குத் திரும்பியபோது முதல் தூறல் விழுந்து நின்றிருந்தது. பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பக்கிரி அவர்களுக்கு நடுவில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

"இருக்கு. பேச்சு இருக்கு. எறங்குங்கடி," என்றாள்.

அவர்கள் கத்திய கத்தலில் பக்கிரி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுகணம் வயல் உயிர் பெற்றது. வாய்கள் திறந்தன, இருபத்திரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன. இருதயம்மாளின் நடை, அவள் கோபம், அவள் சேற்றுக்கால் எல்லாவற்றையும் அவள் முன்னிலையிலேயே நடித்துக் காட்டினார்கள். ஐந்தாம் மா கண் முன்னால் பச்சையாகிக்கொண்டு வந்தது.

"யக்கா," ராசம்மாள் குனிந்தபடியே அழைத்தாள். "ஒரு நா விட்டுப்போச்சு. மறந்துருப்பேனோன்னு பயமா இருக்கு. ராசா பேச்ச நீங்க சொல்லுங்க, நான் எடுத்துக்குறேன்."

"நானா? எனக்கு வேற வேல இல்ல?"

"தாளு கையிலதான இருக்கு."

வேறு வழியில்லை. இருதயம்மாள் வரப்பில் நின்று, தூறலில் நனையாதபடி முந்தானையால் தாளை மூடிக்கொண்டு, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்து வாசித்தாள். பிழையில்லாத உச்சரிப்பு, தலைமையாசிரியர் வீட்டில் அதற்குக் குறைவில்லை.

"பெண்ணே, என் குடையும் போயிற்று, குதிரையும் போயிற்று. இந்த நாட்டின் வேந்தன் நான். இந்த வயலின் குறுக்கே எனக்கு வழி வேண்டும்."

வாசித்துக்கொண்டே அவள் ஒரு நாற்றுக்கட்டைக் கண்டாள். நட்டுமுடித்த பகுதியில் தவறி விழுந்து கிடந்தது. எடுத்து அந்தப் பக்கம் எறியலாம் என்று ஒரு காலை வரப்பிலிருந்து இறக்கினாள்.

ராசம்மாள் நிமிர்ந்தாள். சேறு வழியும் கையை நீட்டினாள். ஆறு மாவுக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"வேந்தனா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி. வரப்புமேல நில்லுங்க. நட்ட வயல்ல கால வைக்கக் கூடாது."

இருதயம்மாள் காலை மேலே எடுத்துக்கொண்டாள். வயலில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. காற்று ஒருமுறை நாற்றின் மேல் ஓடிப்போயிற்று. அவள் தாளைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல ராசாவுக்கு ஒண்ணும் எழுதலயே?"

"இல்லக்கா," என்று சொல்லிவிட்டு ராசம்மாள் மறுபடி குனிந்தாள். "நீங்க அப்படியே வரப்போட போயிட வேண்டியதுதான்."

இருதயம்மாள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வழுக்கும் வரப்பில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, வீட்டை நோக்கி நடந்தாள்.